கல்லரசனின் சுட்டுவிரல்

விடுதி அறைக் கதவு தட்டப்பட்டபோது மதிப்பீட்டாளர் வெந்நீர் வாளியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக எரிந்த கடைகளில் சாம்பலைக் கிளறி, தானாகப் பிடித்த தீ எது, முதலாளி வைத்த தீ எது என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவர். இனிமேல் மனிதர்களை விட்டுவிட்டுக் கல்லையும் மண்ணையும் பார்க்கலாம் என்று மூன்று நாள் கார்ப் பயணம் கிளம்பியிருந்தார். மனைவியின் தம்பி குறிப்பேட்டோடு தொற்றிக்கொண்டான்.

கல்லையும் மண்ணையும் மனிதர்கள் விட்டுவைத்தால்தானே. கோட்டைச் சுவரெல்லாம் காதலர் பெயர்கள். காற்று செதுக்கிய தூண்பாறைகளின் அடியில் மூத்திர நாற்றம். உப்புவெளியில் கண்ணுக்கெட்டிய தூரம் சிப்ஸ் உறைகள். இரண்டு நாளாக அவர் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் ஒரு பெண் நின்றாள். சுற்றுலா வழிகாட்டிகள் அணியும் நீலச் சட்டை, தோளில் துணிப்பை.

“சார், நீங்க துப்பறியிறவராம். உங்க மச்சினர் கீழே எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்காரு.”

மதிப்பீட்டாளர் மைத்துனனைப் பார்த்தார். மைத்துனன் கூரையைப் பார்த்தான்.

“எட்டு மணிக்குத் தொல்லியல் துறை ஜீப் வருது. வந்தா என் லைசென்ஸ் போச்சு. எங்க வீட்டுல நாலு பேர் அதை வெச்சுத்தான் சாப்பிடறோம்.”

“இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்கு. உட்காரும்மா. நடந்ததை நடந்தபடி சொல்லு.”

பாரம்பரியப் பாதுகாப்புச் சங்கம் என்ற ஒன்றிலிருந்து நான்கு பேரை அவள் வேனில் அழைத்து வந்திருந்தாள். தலைவர், செயலாளர், பொருளாளர், பொருளாளரின் மனைவி. காலையில் கோட்டை. அங்கே எண்ணூறு வருடமாக ஒரு கல்லரசன் வாசலைச் சுட்டிக்காட்டியபடி உட்கார்ந்திருக்கிறான். மத்தியானம் கொதிக்கும் சேற்றுக் குளங்கள். பிறகு சோதனைச் சாவடி, விடுதி. விடுதியில் பொருளாளரின் மனைவி வாந்தி எடுத்தாள். மாத்திரை தேடி வழிகாட்டி தன் பையை மேசைமேல் கவிழ்த்தாள். மாத்திரையோடு ஒரு கல்விரலும் உருண்டு வந்தது.

“தலைவர்தான் முதல்ல கத்தினாரு. ஜீப்புக்குப் போன் போட்டதும் அவருதான்.”

“பை எப்பல்லாம் உன் கையில இல்ல?”

“கோட்டையை விட்டுக் கிளம்பறப்ப டிக்கெட்டெல்லாம் உள்ள போட்டேன், அப்ப விரல் இல்ல. வேன்ல மடியிலயே வெச்சிருந்தேன். சேத்துக் குளத்துல மட்டும் முன்சீட்டுல விட்டுட்டுப் போனேன், அரை மணி நேரம். அந்த நாத்தம் துணியில ஏறினா நாலு தடவை துவைச்சாலும் போகாது. அப்புறம் தோள்லயேதான்.”

“டிரைவர்?”

“எதிர்க்கடையில குளத்து டிக்கெட்காரரோட டீ குடிச்சிட்டிருந்தாரு. எழுந்திருக்கவே இல்லன்னு டிக்கெட்காரர் போன்ல சொன்னாரு. ஆனா ரெண்டு பேருமே வேனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாங்க. வேனும் பூட்டல.”

“சாவடியில பையைப் பார்த்தாங்களா?”

“மத்தவங்க பையெல்லாம் கொட்டிப் பார்த்தாங்க. லைசென்ஸ்காரங்க பையைத் தொட மாட்டாங்க.” அவள் துணிப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். “ஒன்பது வருஷமா தொட்டதில்ல சார்.”

மைத்துனன் துள்ளினான். “அத்தான்! அப்போ இவங்க பைதான் திருடனுக்கு வாகனம்! சாவடி தாண்டினதும் திரும்ப எடுத்துக்கலாம்னு...”

“தெரியுது மாப்பிள்ளை. துண்டை எடு.”

காலைத் துவட்டிக்கொள்ளும்போது அவர் கண் அவள் விரலில் இருந்த மோதிரத்தின்மேல் நின்றது. கரிக்கட்டை மாதிரி இருந்தது.

“வெள்ளியாம்மா?”

“காலையில வரைக்கும்.” அவள் அதற்குமேல் விளக்கும் மனநிலையில் இல்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் தலைவர் நின்றுகொண்டிருந்தார். உட்கார்ந்தால் அது கூட்டம் ஆகாது என்பது அவர் கட்சி. மற்ற மூவரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வதங்கிக் கிடந்தார்கள். அவர்கள் உடம்பிலிருந்து அழுகிய முட்டை வாடை வந்தது. மேசைநடுவே ஒரு காகிதக் கைக்குட்டையில், சட்டைப்பைக்கு அடங்காத பருமனில் அந்த விரல் கிடந்தது, கசாப்புக்கடையில் மிஞ்சியது போல.

“வரலாற்றின்மீது விழுந்த வெட்டு இது!” என்றார் தலைவர். “கூலிக்கு வழிகாட்டுபவர்களிடம் பண்பாட்டை ஒப்படைத்தால் இதுதான் நடக்கும்.”

“சேத்துக் குளத்துல யார் யார் எங்க இருந்தீங்க?” என்று மதிப்பீட்டாளர் நிதானமாகக் கேட்டார்.

“பலகைப் பாதையிலதான் சார், எல்லாரும்,” என்றார் செயலாளர். “ஒரே ஆவி. மூக்கைப் பொத்திக்கிட்டுக் கண்ணை மூடிக்கிட்டு நின்னோம்.”

“குளத்தின் ஓரத்தில் நின்று கந்தகத்தின் வரலாறு குறித்து அரை மணி நேரம் உரையாற்றினேன்,” என்றார் தலைவர். “இவர்களையே கேளுங்கள்.”

“ஆமா ஆமா. பொருளாளர்கிட்ட பேசிக்கிட்டிருந்தாரு,” என்றார் செயலாளர்.

பொருளாளர் இருமினார். “நான் உங்ககிட்டன்னு நெனச்சேன்.”

“நான் திரும்பியே பாக்கல,” என்றாள் அவர் மனைவி. “பாத்தா கூப்பிட்டு வெச்சுப் பேசுவாரு.”

மதிப்பீட்டாளர் தலைவரின் மார்பைப் பார்த்தார். அங்கே உள்ளங்கையளவு ஒரு பேட்ஜ் பளபளத்தது. ‘பாரம்பரியக் காவலர்’ என்று எழுத்து வெட்டியிருந்தது. “நல்ல வேலைப்பாடு.”

“சுத்த வெள்ளி. முலாம் கிடையாது. நான்கும் ஒரே கடை, ஒரே தகடு. காலையில் கோட்டை வாசலில் என் கையாலேயே எல்லோருக்கும் குத்திவிட்டேன்.”

“கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான் தலைவரே,” என்று செயலாளர் தன் பேட்ஜை இழுத்துக் காட்டினார். “ஒரே நாள்ல அடுப்புக்கரி ஆயிடுச்சு.” பொருளாளருடையதும் அவர் மனைவியுடையதும் அதே நிறம்.

“வைத்திருக்கத் தெரிய வேண்டும்! என்னுடையதைப் பாருங்கள். காலையில் குத்தியது, இதுவரை கழற்றவில்லை, துடைக்கவில்லை.”

“ரொம்ப நன்றி,” என்றார் மதிப்பீட்டாளர். “அதைத்தான் கேட்கலாம்னு இருந்தேன்.”

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ரப்பர் கிடங்கு எரிஞ்சா பக்கத்து வீட்டு வெள்ளிக் குத்துவிளக்குகூடக் கறுத்துப்போகும். அத்தனையும் கந்தக ஆவி. இன்னிக்கு அந்தக் குளத்துக்குப் போன வெள்ளி எல்லாம் கறுத்திருக்கு. மூணு பேட்ஜ், இந்தப் பொண்ணோட மோதிரம். உங்களோடது மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கு. நீங்க குளத்துக்கே போகல.”

“துடைத்... துடைத்திருப்பேன். மறந்திருப்பேன்!”

“துடைச்சா மேல்பக்கம் வெளுக்கும். எழுத்து வெட்டின இடுக்குல கறுப்பு நிக்கும். மாப்பிள்ளை, பாரு.”

மைத்துனன் தலைவரின் மார்பில் மூக்கு இடிக்கக் குனிந்தான். “சுத்தமா இருக்கு அத்தான்! ஒரு புள்ளி இல்ல!”

“அரை மணி நேரம் வேன் பக்கத்துல தனியா இருந்திருக்கீங்க. தேட யாரும் வரமாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியும். நீங்க பேசினா இவங்க ஒருத்தர் தலையில ஒருத்தர் கட்டிட்டு நழுவுவாங்க. சாவடியில உங்க பையைக் கொட்டுவாங்க, இவ பையைத் தொட மாட்டாங்க. ராத்திரி சாப்பாட்டுக்குள்ள எப்படியாவது திரும்ப எடுத்துடலாம்னு இருந்தீங்க. அதுக்குள்ள பை கவிழ்ந்துடுச்சு. முதல்ல கத்தறவர் மேல சந்தேகம் வராதுன்னு கத்திட்டீங்க.”

பொருளாளரின் மனைவி மெல்லச் சொன்னாள். “இவர் வீட்டுல ஒரு கண்ணாடி அலமாரி இருக்கு. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு தட்டு. உள்ள விளக்கு வேற. எல்லாம் வாங்கினதுன்னு சொன்னாரு.”

தலைவர் நெஞ்சை நிமிர்த்தினார். “பாதுகாக்கத்தான் எடுத்தேன்! மழையிலும் வெயிலிலும் அது கரைந்து...”

“எண்ணூறு வருஷம் கரையாம இருந்தது, உங்க கண்ணுல பட்டதும் கரைஞ்சிடுச்சா?” மதிப்பீட்டாளருக்கு முதல்முறையாகக் குரல் உயர்ந்தது. “சீ. சாக்கடையில எலி திங்கறதைப் பார்த்திருக்கேன். அது பாதுகாக்கறேன்னு சொல்லல. பழியைப் பக்கத்து எலி மேல போடவும் இல்ல.”

தலைவர் உட்கார்ந்தார். அன்றைக்கு முதல் தடவை.

செயலாளர் எழுந்து வழிகாட்டியின் பக்கம் நகர்ந்தார். “தங்கச்சி, நடந்தது நடந்துபோச்சு. சங்கத்தோட மானம்னு ஒண்ணு இருக்கு. விரல் கீழே கிடந்து நீ எடுத்து வெச்சேன்னு சொல்லிட்டா, எல்லாருக்கும்...”

“அரை மணி முன்னாடி இதே வாய் என்னைத் திருடின்னு சொல்லிச்சு.” அவள் விடுதி மேசையிலிருந்து ஒரு தாளை உருவினாள். “இங்க நடந்ததை அப்படியே எழுதி ஜீப்ல வர்ற ஆபீசர்கிட்ட கொடுக்கப்போறேன். அவங்க வந்தா இந்தத் தடவை வேனை, பையை, பாக்கெட்டை, எல்லாத்தையும் கொட்டுவாங்க. சொல்லிட்டேன்.”

முதலில் செயலாளர். சட்டைப்பையிலிருந்து ஒரு நீல ஓட்டுச்சில்லு மேசைக்கு வந்தது. பொருளாளர் காலுறைக்குள் கைவிட்டுக் கோட்டைச் சுவரோவியத்தின் ஒரு கண்ணை எடுத்து வைத்தார். அவர் மனைவி கொண்டையை அவிழ்த்து, ஒரு கறுப்புப் பளிங்குத் துணுக்கை எடுத்தாள். “பிரிட்ஜ் மேல ஒட்டலாம்னு,” என்றாள், யாரும் கேட்காமலே.

மதிப்பீட்டாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய பக்கம் மைத்துனன் நின்றான். அவன் கை கால்சட்டைப் பைக்குள் ஏதோ தேடிக்கொண்டிருந்தது.

“அத்தான்... தூண்பாறையில... அது ஏற்கெனவே ஆடிக்கிட்டுதான் இருந்தது...”

வழிகாட்டி பேனாவை நிறுத்தி அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உதவி செய்த மனிதரைப் பார்த்தாள். எழுதுவதா வேண்டாமா என்று கேட்கிற பார்வை.

“எழுதும்மா,” என்றார் மதிப்பீட்டாளர். “இவன் பேரை நான் சொல்றேன்.”

தகப்பனார் பெயரோடும் வீட்டு முகவரியோடும் சேர்த்து, அவள் எழுதுகிற வேகத்துக்கு ஏற்றபடி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.