கைப்பிடிக்கு ஒரு சாண் கீழே

1952 ஆவணியில் சங்கரசுப்பிரமணியன் சங்கரன்கோவிலில் ரயிலை விட்டு இறங்கினான். எந்திரமும் மனிதனின் கையும் எவ்வளவு பொருந்துகின்றன என்று அளந்து ஆராய்வது அவன் தொழில். தாத்தா நிறுவிய பருத்தி அரவை ஆலையில் தங்கப்பழம் என்பவள் உருளையில் சிக்கிச் செத்திருந்தாள். அறிக்கை எழுத வேண்டும். வீட்டிலேயே படித்தவன் இருக்க வெளியாள் எதற்கு என்று அண்ணன் குருநாதன் தம்பியை வரவழைத்திருந்தார்.

செத்தவளின் உயரமே இருந்த ஆலைத் தொழிலாளி நெல்லையம்மாளை எந்திரத்தின் முன் நிறுத்தினான். அவள் உள்ளங்கையில் சுண்ணாம்புப் பொடி பூசி, எந்திரத்தை நிறுத்தச் சுவரில் வைத்திருந்த கைப்பிடியைத் தொடச் சொன்னான்.

"எட்டுதா?"

"எங்கன அய்யா எட்டுது? அவளும் இப்பிடித்தான துழாவியிருப்பா!"

வெள்ளைக் கை, பிடிக்கு ஒரு சாண் கீழே பதிந்தது. ஆறடி ஆளான தாத்தா தம் கைக்கு வைத்த பிடி அது.

"ஏலே, தாத்தாதான் கொன்னாருன்னு எழுதப் போறியா?" என்றார் குருநாதன். "தேர் வடத்துல விழுத முதக் கை நம்ம வீட்டுக் கை. ஞாபகம் வச்சுக்கோ."

தாத்தாவின் முத்திரை மோதிரம் அணிந்த வலது கையால் 'கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்திட்டான். சுவரைத் துடைத்தான்.

மறுநாள் காலை அந்தக் கை அங்கேயே இருந்தது.

அது அவள் வேலைதான் என்று குருநாதன் நெல்லையம்மாளை வேலையை விட்டு விரட்டினார்.

"என்னைய விரட்டிட்டா அவ போயிருவாளா, மொதலாளி?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள், சாப்பாட்டு வேளை. ஆலை ஓய்ந்திருந்தது. வெயிலில் பஞ்சுத் தூசி அசையாமல் நின்றது. பருத்திக்கொட்டை எண்ணெயின் வாடையில் வேறொரு வாடையும் கலந்திருந்தது. அவன் உருளையின் மேல் சாய்ந்து சுவரைத் துடைத்தான்.

உருளை சுற்றத் தொடங்கியது.

ஜிப்பாவின் வலது கையை இழுத்தது.

தாத்தாவின் உயரம்தான் அவனுக்கும். இடது கையை நீட்டினான். விரல் நெருங்க நெருங்கப் பிடி மேலே போயிற்று.

ஒரு சாண்.

காதோரம் மூச்சு பட்டது.

"எட்டுதா அய்யா?"

உயிர் தப்பியது. வலது கை தோளோடு போயிற்று.

"ஒன் கவனக்குறைவுன்னே எழுதிட்டேன். ஆலைப் பேரு கெடக் கூடாதுலா?" என்று சொல்லி, அண்ணன் அவனுடைய இடது பெருவிரலில் மை தடவினார்.

குருநாதன் அந்தச் சுவரை இடித்துப் புதிதாகக் கட்டினார். பூச்சின் ஈரம் காயுமுன்பே, பிடிக்கு ஒரு சாண் கீழே இரண்டு கைகள் பதிந்திருந்தன. சின்னது அவளுடையது.

பெரியது ஒரு வலது கை. அதன் விரலடியில் தாத்தாவின் மோதிரத் தடம் தெளிவாக விழுந்திருந்தது.