மிதவையோடு வந்த பிணம்

ஏரியில் காற்று சட்டென்று திசை மாறியது.

சர்வதேசப் பாய்மரப் படகுப் போட்டி தொடங்கும் நேரம். நடுவர் மைக்கைப் பிடித்தார்.

"மஞ்சள் மிதவையைத் தூக்குங்க. இடம் மாத்தணும்."

படகுக்காரர்கள் இருவர் நங்கூரக் கயிற்றை இழுத்தார்கள். கனத்தது. இன்னும் இழுத்தார்கள்.

முதலில் ஒரு கை வந்தது...

பிறகு முழு ஆள். ஏரித் தண்ணீரைச் சோதிக்கும் அதிகாரி. பின்மண்டை பிளந்திருந்தது.

தகவல் கிடைத்து இன்ஸ்பெக்டர் கரைக்கு வந்தார். நேற்று இதே அதிகாரியின் சட்டையைப் பிடித்து உலுக்கிய படகு வீரன், இன்ஸ்பெக்டரின் சொந்த மச்சான். மனைவியின் ஒரே தம்பி.

"தண்ணி அசுத்தம், போட்டிய நிறுத்தச் சொல்லப் போறேன்னார், மாமா." மச்சானின் குரல் உடைந்தது. "வருஷக்கணக்கா உழைச்சது... கோவம் வந்துச்சு. சட்டையைப் பிடிச்சேன். அவ்ளோதான்."

போட்டிக் குழுத் தலைவர் நடுவில் புகுந்தார். தலையில் கேப்டன் தொப்பி. இந்த ஊருக்குப் போட்டியைக் கொண்டுவந்ததே தான்தான் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்பவர்.

"சொந்தக்காரன்னு தயங்காதீங்க. விலங்கை மாட்டுங்க. வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் பாக்குறாங்க."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். வீட்டில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

"ஒரு சந்தேகம் சார்," என்று தலைவரிடம் கேட்டார். "பிணத்தை ஏன் மிதவையில கட்டணும்?"

"அதுதானே பத்திரமான இடம்? போட்டி முடியற வரைக்கும் மிதவையை யார் தொடப் போறாங்க?" என்றார் தலைவர்.

சுற்றி நின்ற வீரர்கள் அவரையே பார்த்தார்கள்.

"காத்து மாறினா மிதவையையும் மாத்துவோம் சார்," என்றார் நடுவர். "படகு ஓட்டத் தெரிஞ்சவன் எவனும் அங்க கட்டமாட்டான்."

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார்.

"நேத்து சாயங்காலம் மோட்டார் போட்டை யார் எடுத்தது?"

"தலைவர்தான். மிதவையெல்லாம் சரியா இருக்கான்னு பாக்கணும்னார்," என்றார் நடுவர்.

தலைவரின் முகம் வெளிறியது. இன்ஸ்பெக்டர் கண்காட்ட, ஏட்டு போட்டைச் சோதித்துவிட்டுக் கரையேறி வந்தார்.

"கழுவியிருக்கு சார். ஆனா சீட்டுக்கு அடியில ரத்தம்."

தலைவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தாளு எழுதிக் கொடுத்திருந்தா... போட்டி பக்கத்து ஊருக்குப் போயிருக்கும்."

விலங்கு அவர் கையில் ஏறியது.

போட்டி பக்கத்து ஊருக்கே போனது. அது முடிந்த அன்று இன்ஸ்பெக்டரின் மனைவி போனில் அழைத்தாள்.

"தம்பி எப்படிங்க ஓட்டினான்?"

"கடைசியா வந்தான்மா. அதுக்கு மட்டும் சட்டத்துல ஒரு செக்‌ஷன் இருந்திருந்தா, இப்பவே தூக்கி உள்ள வெச்சிருப்பேன்."