தட்டில் வளராத கிருமி

குளியலறைக் கதவை மூன்றாம் தடவையும் தட்டினான் சேந்தன்.

"துஷாந்தி! டவுன் பஸ் போகப்போகுது... உள்ளுக்க என்ன தவமே செய்யிறாய்?"

துஷாந்தி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். சிறுநீர் சொட்டுச் சொட்டாக எரிந்துகொண்டு போனது. ஒரு வருடமாக இதே பாடு. கண்டியில் பல இடங்களில் சோதித்தாயிற்று. எங்கேயும் கிருமி இல்லை என்றே முடிவு வந்தது. அதை நம்பிய அவள் கணவன் சேந்தன், யாழ்ப்பாணத்திலிருக்கும் அவளுடைய அண்ணன் ரிஷிகேசனுக்குப் போன் எடுத்து, "உங்கட தங்கச்சிக்கு விசர் பிடிச்சிட்டுது மச்சான்" என்று சொல்லிவிட்டான். பைத்தியம் என்ற அந்தச் சொல்தான் நோவைவிட எரிந்தது.

வெளியே சேந்தனின் தாய், மாமி பத்மாதேவி பார்லித் தண்ணீரோடு நின்றாள்.

"நடிப்போ நோவோ... இதைக் குடிச்சிட்டு வெளிக்கிடு!"

மாமிக்கு நாக்குத்தான் தேள்.

ஆஸ்பத்திரியில், புதிய சோதனையின் முடிவை வைத்துக்கொண்டு டொக்டர் றுமைஸா மூவரையும் இருத்தினார்.

"கிருமி இருக்கு. பழைய சோதனையில, சிறுநீரைத் தட்டில விட்டு, ஏதும் வளருதா எண்டு பார்க்கிறது. இது அப்பிடி லேசில வளராத சாதி. இந்த முறை சிறுநீரில கிடந்த மரபணுவையே வாசிச்சுப் பார்த்தாங்க. பிடிபட்டுட்டுது. இவங்கட நோவும் அதோட பொருந்துது. மருந்து இருக்கு." பிறகு கேட்டார்: "சோதனைக்கு முந்தி நிறையத் தண்ணி குடிப்பீங்களா? அதுவும் கிருமியைக் குறைச்சுக் காட்டும்."

மாமி தலையில் கை வைத்தாள்.

"ஐயோ... நான்தான் விடியவே செம்பு செம்பாய்ப் பருக்கினனான்! பிள்ளை... உன்ர நோவை நானே மறைச்சுப்போட்டனே!"

"நீங்க நல்லதுக்குத்தானே குடுத்தீங்க அம்மா," என்றார் டொக்டர்.

வெளியே வந்ததும் சேந்தன் முணுமுணுத்தான். "துஷா... மன்னிச்சுக்கொள்."

"எனக்கு வேண்டாம். அண்ணாட்டச் சொல்லுங்கோ."

"வீட்டை போய்ச் சொல்லுறன்..."

"இப்ப சொல்லுங்கோ. இதிலயே நிண்டு!"

வரிசையில் இருந்த சனம் திரும்பிப் பார்த்தது. அவன் போன் எடுத்தான். மறுமுனையில் ரிஷிகேசனின் குரல் அவளுக்கும் கேட்டது.

"மச்சான்... துஷாந்திக்கு விசர் இல்லை. உண்மையான வருத்தம்தான், கிருமியைக் கண்டுபிடிச்சாச்சு. நான் சொன்னது... பிழை."

"அது எனக்கு அண்டைக்கே தெரியும். போனை அவளிட்டக் குடும்."

"அண்ணா..." என்றாள். ஒரு வருட அழுகை வந்தது! மாமி அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, தானும் அழுதபடி மகனைப் பார்த்துச் சீறினாள்:

"என்னடா மரம் மாதிரி நிக்கிறாய்? ஓடு... மருந்தை வாங்கு!"