இரண்டாவது வார்

மழை வலுக்கிற நேரம் பார்த்தா செருப்பு வார் அறுந்து தொலைய வேண்டும்! அவள் பிசியோதெரபிஸ்ட், வேலைக்கு ஏற்கெனவே பத்து நிமிடம் தாமதம். நொண்டியடித்தபடி எதிரே இருந்த காலணிப் பட்டறைக்குள் ஓடினாள். அங்கிருந்தவன் செருப்பை வாங்கி, நாலு தையல் போட்டு நீட்டினான். நிமிர்ந்து பார்த்தான்... அவ்வளவுதான். இமையில் சொட்டிய மழையைத் துடைக்கக்கூட மறந்துபோனாள். சிரிப்பை ஒளித்துவைக்கத் தெரியாத கண்கள்!

"இந்த வார் இனி அறாதுங்க. இன்னொண்ணுக்கு நான் பொறுப்பில்ல..." என்றான்.

அந்தக் குரல் மதியம் வரை காதிலேயே இருந்தது.

மதியம் சிகிச்சைக்கு வந்த வயதான அம்மா ஒருவருக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதம். புது மூட்டு நன்றாகத்தான் இருந்தது. கீழ்முதுகில்தான் உயிர் போகிற வலி. டேப்பை வைத்து அளந்தாள். இரண்டு காலும் ஒரே நீளம். பிறகு ஏன்...? செருப்பைக் கவிழ்த்துப் பார்த்தாள். இடது குதிகாலில் மட்டும் விரல் தடிமனுக்கு ஒரு பட்டை! ஆபரேஷன் ஆன வலது கால் நீண்டுவிட்டது போலிருக்கிறது என்று அம்மா வீட்டில் சொல்லியிருக்கிறார். அப்படித் தோன்றுவது சகஜம். இறுகிய தசை தளர்ந்தால் சரியாகிவிடும். அதற்குள் இந்தப் பட்டை இடுப்பைச் சாய்த்து, முதுகைப் படுத்தி எடுத்துவிட்டது.

"இதை ஒட்டின மேதாவி யாரும்மா?"

"நான்தாங்க," என்றது வாசலில் ஒரு குரல்.

அவன்! அந்த அம்மாவின் மகனாம். குடையும் கையுமாக, காது சிவந்து நின்றான். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம்... தொழில் கர்வம் விடவில்லை. பட்டையை எடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டு வெளியே போய்விட்டான்.

அதன்பின் அம்மா தனியாகத்தான் வந்தார், பட்டை இல்லாத செருப்போடு. முழங்காலை மடக்கிப் படுத்து இடுப்பைத் தூக்கி இறக்கினார். சுவரைப் பிடித்துப் பக்கவாட்டில் நடந்தார். உன்னைப் பற்றித் தினமும் கேட்கிறான், உன் முகத்தில் விழிக்கத்தான் வெட்கமாம் என்று நடுநடுவே கண்ணைச் சிமிட்டினார். அவள் காதில் விழாதது போல எண்ணிக்கையைத் தொடர்ந்தாள். ஏழுக்குப் பிறகு மறுபடி ஐந்து வந்தது!

ஆறாவது வாரம் அம்மா கைத்தடி இல்லாமல் வாசல்வரை நடந்து காட்டினார். முதுகில் வலியே இல்லை. இனி வர வேண்டியதில்லை. அவள் மனம் துள்ளியது... அடுத்த நொடியே திக்கென்றது. இனி அவனைப் பற்றி யார் வந்து சொல்வார்கள்?

மேசைமேல் கத்தரிக்கோல் இருந்தது.

கால்மணி நேரத்தில் பட்டறை வாசலில் நொண்டியபடி நின்றாள். வெளியே தூறல். அவன் வாரைப் புரட்டிப் பார்த்தான். உதட்டோரம் துடித்தது.

"இது அறுந்தது இல்லீங்க... வெட்டினது. எந்த மேதாவி வேலை இது?"

"நான்தாங்க." முகம் கொதித்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. "அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது... உங்களைப் பாக்காம இருக்க முடியல. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு."

அவன் எடுத்த ஊசியைத் திரும்பக் கீழே வைத்தான். முக்காலியைத் துடைத்து அவள் பக்கம் நகர்த்தினான்.

"எனக்கு அந்த மொத வாருலேயே பிடிச்சுப்போச்சு... உக்காருங்க. இதை மெதுவாத்தான் தைக்கப்போறேன்."