மாமியார் வாட்ச், மருமகள் வாட்ச்

எங்கள் அம்மாவிடம் இரண்டு ‘ஆமா’ இருக்கின்றன.

ஒன்று, ‘ஆமா’. நாம் சொன்னது காதில் விழுந்தது, அம்மா ஒத்துக்கொள்கிறாள் என்று அர்த்தம். இன்னொன்று, ‘ஆமாமா’. நாம் சொன்னதில் ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை என்று அர்த்தம்.

இது வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். கண்டுபிடித்து ஆறு மாதமாகிறது. ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். சரி, சொல்லிவிடுகிறேன். அம்மா முதுகைக் காட்டி நிற்கும்போது மெல்லிய குரலில், “அம்மா, வீட்டுப்பாடத்தை நாளைக்குப் பண்ணிக்கிறேன்” என்று சொல்வேன். “ஆமாமா” என்று பதில் வரும். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒருத்திக்கு இதைவிட வேறென்ன வசதி வேண்டும்?

போன வருடம் அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. போகும்போது அது வலது காதின் கேட்கும் சக்தியை முழுவதுமாகக் கொண்டுபோய்விட்டது. இடது காதிலும் பாதி போயிற்று. காதில் வைக்கும் கருவியை வாங்கிப் பார்த்தோம். வேலை செய்யும் இடத்து இரைச்சலெல்லாம் அதில் சேர்ந்து கேட்டுத் தலை சுற்றுகிறது என்று கழற்றி வைத்துவிட்டாள். இடது பக்கம் நின்று முகம் பார்த்துப் பேசினால் அம்மாவுக்கு நன்றாகப் புரியும். ஆனால் அவசரத்தில் யாருக்கு இடது, வலது ஞாபகம் இருக்கிறது?

வெளியாட்களிடம் அம்மா இதைச் சொல்லவே மாட்டாள். யாராவது சொல்லிவிட்டால் முகம் வாடிவிடும்.

அம்மா பேக்கரியில் அடுப்பு பார்க்கிறாள். பதினாறு வருடமாக அதே அடுப்பு. மணி அடித்தால் தட்டை வெளியே எடுக்க வேண்டும், அடுத்த தட்டை உள்ளே வைக்க வேண்டும். இரண்டு கைகளிலும் தட்டு இருப்பதால் அடுப்புக் கதவை இடுப்பால் இடித்துத்தான் மூடுவாள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ், அலமாரி, மேசை டிராயர் எல்லாம் அம்மாவின் இடுப்பால்தான் மூடும். அம்மா திரும்பினால் அப்பா தானாக நகர்ந்துகொள்வார்.

போன வாரம் அடுப்பின் மணி அடித்தது அம்மாவுக்குக் கேட்கவில்லை. இரண்டு தட்டு பன் கரிக்கட்டை ஆகிவிட்டது.

முதலாளியம்மா திட்டவில்லை. “திங்கக்கிழமையிலிருந்து நீ முன்னாடி பொட்டலம் கட்டுற இடத்துல இரும்மா. உக்காந்த வேலை, உனக்கும் சுலபம்” என்று நல்லவிதமாகத்தான் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்த அம்மா ஃபிரிட்ஜைக் கையால் மூடினாள். அப்படி மூடி நான் அதுவரை பார்த்ததே இல்லை.

வழி கண்டுபிடித்தது அண்ணன்தான். “அதிர்ற மாதிரி ஸ்மார்ட்வாட்ச் வாங்கலாம். டைம் முடிஞ்சதும் கையில கிர்ர்ருன்னு அதிரும். மணி கேக்கவே வேணாம்” என்றான். லாரி ஓட்டப் போயிருந்த அப்பா போனிலேயே சரி சொன்னார். முதலாளியம்மாவும், “திங்கக்கிழமை ஒரு நாள் பாக்கலாம். சரியா வந்தா அடுப்பு உனக்குத்தான்” என்றார்.

எங்கள் அண்ணன் எதற்கெடுத்தாலும் பட்டியல் போடுவான். ஊருக்குப் போக எடுத்துவைக்கும் உள்ளாடைக்குக்கூட அவனிடம் பட்டியல் உண்டு. வாட்சுக்கு விடுவானா? இரண்டு பத்தி, பதினைந்து வரி. ஒரு பத்தியில் ‘இரண்டாம் தலைமுறை’, இன்னொன்றில் ‘மூன்றாம் தலைமுறை’.

அம்மா அதை எட்டிப் பார்த்தாள். “வாட்சுக்கும் தலைமுறை உண்டா? அப்போ இது மாமியார், அது மருமகளா?”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பழைய வாட்ச் மாமியார், புதிய வாட்ச் மருமகள்.

மருமகளுக்குப் பளிச்சென்ற திரை. நடந்த அடியை எண்ணும், தூக்கத்தை அளக்கும், ஐம்பது மீட்டர் ஆழத்திலும் நீந்தும். பொத்தானே கிடையாது, எல்லாமே தொடுதிரை. மாமியாரின் திரை கொஞ்சம் மங்கல். உடம்பும் கனம். பக்கவாட்டில் பட்டாணி அளவுக்கு ஒரு பொத்தான் துருத்திக்கொண்டு நிற்கும்.

“பதிமூணுக்கு ரெண்டு. மருமக ஜெயிச்சாச்சு” என்றான் அண்ணன்.

“அம்மா எங்கடா நீந்தப் போறாங்க? மாவுக்குள்ளயா?” என்று கேட்டேன்.

“நண்டு சிண்டெல்லாம் பேச வந்துடுச்சு” என்று என் தலையில் ஒரு தட்டு தட்டினான். அன்றிலிருந்து நான் நண்டு.

சனிக்கிழமை மத்தியானம் மூவரும் கடைக்குப் போனோம். அண்ணன் கால்பந்து விளையாடிவிட்டு அப்படியே முழங்கால் வரை சாக்ஸோடு வந்திருந்தான். கடையில் மூன்று டிவி ஒரே சமயத்தில் பாடிக்கொண்டிருந்தன. எனக்கே காது அடைத்தது.

கடைக்கார அக்கா சிரித்த முகமாக இருந்தார். இரண்டு வாட்சையும் கண்ணாடி மேசைமேல் எடுத்து வைத்தார். அண்ணன் அம்மாவின் வலது பக்கம் நின்றுகொண்டு பட்டியலை ஒவ்வொரு வரியாக வாசித்தான். அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவன் கேட்டான்.

“அப்போ புதுசே வாங்கிடலாமாம்மா? உனக்குப் பிடிச்சிருக்குல்ல?”

“ஆமாமா” என்றாள் அம்மா.

கடைக்கார அக்கா மருமகளைப் பெட்டிக்குள் வைத்து, பில் போடத் திரும்பினார்.

எனக்குப் பக்கென்றது. அம்மாவுக்கு ஒரு வரிகூடக் கேட்கவில்லை. ஆனால் அதை எப்படிச் சொல்வது? “எங்க அம்மாவுக்குக் காது கேக்கல” என்று கடை நடுவில் சொன்னால் அம்மாவின் முகம் என்ன ஆகும்? சொல்லாமல் விட்டால் திங்கட்கிழமை என்ன ஆகும்? ஆறு மாதமாக அந்த ‘ஆமாமா’வை வைத்து நான் பிழைத்த பிழைப்பு அப்போதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுப்பின் முன்னால் அம்மா நிற்பதை நினைத்துப் பார்த்தேன். இரண்டு கையிலும் தடித்த துணிக் கையுறை. கையுறைமேல் சூடான தட்டு.

“அக்கா, ஒரு நிமிஷம். பில் போடாதீங்க. எனக்கு ஒரு சந்தேகம்” என்றேன்.

“உனக்கு எப்பதான் சந்தேகம் இல்ல?” என்றான் அண்ணன்.

“நீ உன் சாக்ஸைக் கழட்டு.”

“என்னது?”

“ரெண்டு சாக்ஸையும் கழட்டுடா. அம்மாவுக்காக.”

அம்மாவுக்காக என்றதும் குனிந்தான். ஷூவை அவிழ்த்து சாக்ஸைக் கழற்றினான். கடைக்கார அக்கா நாகரிகமாக இரண்டு அடி பின்னால் போனார். காரணம் மூக்கு உள்ள எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

நான் அம்மாவின் இடது பக்கம் போய், முகத்தைப் பார்த்துச் சொன்னேன். “அம்மா, இது உன் அடுப்புக் கையுறை. மாட்டிக்கோ. இந்த வாட்சுப் பெட்டி ரெண்டும் பன் தட்டு.”

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே சாக்ஸைக் கைகளில் மாட்டினாள். அக்காவிடம் கேட்டு மருமகளை அம்மாவின் இடது மணிக்கட்டில் கட்டி, பத்து வினாடிக்கு டைம் வைத்தேன்.

கிர்ர்ர்ர். “அதிருது, நல்லாத் தெரியுது” என்றாள் அம்மா.

“இப்போ நிறுத்து பார்ப்போம்.”

அம்மா பெட்டிகளை ஒரு கையில் வைத்துக்கொண்டு, சாக்ஸ் போட்ட விரலால் திரையைத் தட்டினாள். நிற்கவில்லை. தேய்த்தாள். நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் குனிந்து மூக்கால் ஒரு தட்டு தட்டினாள். திரையில் பெரிதாக எழுத்து வந்தது.

“நீச்சல் தொடங்கியது” என்று வாசித்தேன்.

கடைக்கார அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் தன் பட்டியலைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். பிறகு பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தான்.

அடுத்து மாமியார். அதே கை, அதே சாக்ஸ், அதே பத்து வினாடி. இந்தத் தடவை அம்மா பெட்டிகளை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கிர்ர்ர்ர் என்று அதிர்ந்ததும், யாரும் சொல்லித்தராமலேயே, அம்மா மணிக்கட்டை இடுப்பில் ஒரு இடி இடித்தாள்.

டக். அதிர்வு நின்றது. இன்னொரு இடி. பத்து வினாடி மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. இன்னொரு தடவை இடித்தாள். அப்புறம் தேவையே இல்லாமல் இன்னொரு தடவை.

“ஆறு வருஷமா வாட்ச் விக்கிறேன். சாக்ஸ் போட்டு யாரும் பாத்ததில்ல” என்றார் கடைக்கார அக்கா. “நான்கூடப் புதுசுதான் நல்லதுன்னு சொல்லியிருப்பேன்.”

“புதுசும் நல்லதுதான் அக்கா. நீந்துறவங்களுக்கு” என்றேன்.

அம்மாவின் இடது காதருகே போய்க் கேட்டேன். “அம்மா, இதுவே வாங்கிடலாமா?”

“ஆமா” என்றாள் அம்மா.

வெளியே வந்ததும் அண்ணன் என்னை ஓரங்கட்டினான். “உள்ள அவங்கதானே புதுசுக்கு ஆமாமான்னாங்க?”

“ஆமாமான்னா காதுல விழலைன்னு அர்த்தம்” என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் வீட்டுப்பாடக் கதையையும் சேர்த்துத்தான்.

அவன் திட்டவில்லை. கையில் இருந்த சாக்ஸைச் சுருட்டிப் பைக்குள் திணித்தான். “தினமும் சாயங்காலம் மேட்ச் கதை சொல்லுவேன். நான் கோல் போட்டதைச் சொன்னப்பகூட ஆமாமான்னுதான் சொன்னாங்க.”

அம்மா எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். “என்ன ரகசியம்?”

நான் இடது பக்கம் போய், ‘ஆமாமா’வின் அர்த்தம் எங்களுக்குத் தெரிந்துவிட்டதைச் சொன்னேன். அம்மாவின் கன்னம் சிவந்தது. மாமியாரின் பொத்தானைத் தடவிக்கொண்டே நடந்தாள்.

“சும்மா சும்மா என்ன என்னன்னு கேட்டா உங்களுக்குச் சலிச்சுப் போயிடும்னு நெனச்சேன்” என்றாள் கடைசியில். கண்ணில் நீர் முட்டியிருந்தது.

அண்ணன் சுற்றி வந்து அம்மாவின் இடது பக்கம் நின்றான். அங்கே ஏற்கெனவே நான் இருந்தேன். என்னைத் தள்ளிவிட்டான். நான் வலது பக்கம் போய்விட்டேன்.

“பத்துத் தடவை கேளும்மா. எனக்குச் சலிக்காது. என் கோல் கதையைப் பத்துத் தடவை சொல்ல எனக்கு ஆசைதான்” என்றான்.

அம்மா சிரித்தாள். “சரி, இப்போ ஒரு தடவை சொல்லு.”

அவன் சொன்னான். வீடு வரும்வரை சொன்னான். எனக்குத்தான் சலித்துப் போனது.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் நேரே பேக்கரிக்கு ஓடினேன். அடுப்பறைக் கதவின் கண்ணாடி வழியே பார்த்தேன். முதலாளியம்மா கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு ஓரமாக நின்றார். அம்மா கையுறையோடு மாவுத் தட்டைத் தூக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று மணிக்கட்டைப் பார்த்தாள். இடுப்பில் ஒரு இடி. பிறகு மாவுத் தட்டை மேசையில் வைத்துவிட்டு அடுப்பைத் திறந்தாள். உள்ளேயிருந்து வந்த பன்கள் ஒன்றுகூடக் கருகாமல் பொன் நிறத்தில் இருந்தன. மாவுத் தட்டு உள்ளே போனது. இடுப்பில் இன்னொரு இடி, கதவுக்கும் ஒரு இடி.

முதலாளியம்மா ஒரு பன்னை எடுத்துப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். அம்மாவின் முகத்தைப் பார்த்து, “பொட்டலம் கட்ட நான் வேற ஆள் பாத்துக்கறேன்மா” என்றார்.

அன்று சாயங்காலம் அம்மா முதுகைக் காட்டிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கணக்கு வீட்டுப்பாடம் நிறைய. பழக்கதோஷம், வாய் சும்மா இருக்கவில்லை.

“அம்மா, வீட்டுப்பாடத்தை நாளைக்குப் பண்ணிக்கிறேன்” என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டேன்.

அம்மா குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு முழுதாகத் திரும்பி நின்றாள். இடது காதை என் பக்கம் சாய்த்தாள்.

“என்ன சொன்ன? காதுல விழல. திருப்பிச் சொல்லு.”

ஒரு வருடத்தில் அம்மா அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

“ஒண்ணுமில்லம்மா. வீட்டுப்பாடம் இன்னிக்கே பண்ணணும்லன்னு கேட்டேன்.”

“ஆமா” என்றாள் அம்மா, டிராயரை இடுப்பால் இடித்து மூடிக்கொண்டே.