பாக்கெட்டில் ஒரு விரல்!

ட்ரிங்... ட்ரிங்...

காலை பத்தரை மணி. புகார் மேஜையின் போன் அலறியது.

முதலாளியம்மாவே எடுத்தாள்.

"உரிச்ச வெங்காயம் கம்பெனிங்க... சொல்லுங்க."

"விரல்! விரல்!" ஒரு பெண் மூக்கால் கத்தினாள். "உங்க பாக்கெட்டுக்குள்ள ஒரு மனுஷ விரல் கிடக்கு!"

"என்னம்மா சொல்றீங்க? எந்தக் கடையில வாங்கினீங்க?"

"கடையா இப்ப முக்கியம்? நகத்தோட கிடக்குதுங்க! இப்பவே உணவு ஆபீஸ்ல கொடுக்கப் போறேன். உங்களை உள்ள தள்ளாம விடமாட்டேன்!"

டொக்!

முதலாளியம்மா போனை வைத்தாள்.

ஆறு வருடங்களுக்கு முன்பு அவள் ஓர் ஓட்டலின் கல்லாவில் இருந்தாள். 'இனி வெங்காயம் நறுக்க என்னால ஆகாது' என்று சமையல்காரர் கரண்டியை வீசிவிட்டுப் போனார். அன்றைக்குத் தோன்றியது ஒரு சின்ன யோசனை. உரித்து, நறுக்கி, பாக்கெட்டில் போட்டுக் கொடுத்தால்?

வீடே சிரித்தது. 'போடி வெங்காயம்!' என்றார் அண்ணன். பெயர் ஒட்டிக்கொண்டது.

இன்றோ ஊரில் பாதி அடுப்புகள் அவள் வண்டி வந்தால்தான் எரிகின்றன. சிரித்த அண்ணன் அதே கம்பெனியில் மேனேஜர்! ஒரு பெரிய கம்பெனி டை கட்டிய ஒருவரை அனுப்பி மூன்று முறை விலைக்குக் கேட்டது. மூன்று முறையும் அவள் சொன்னது ஒரே பதில்தான். முடியாது.

உரிக்கும் கூடத்துக்கு ஓடினாள்.

"எல்லாரும் கையுறையைக் கழட்டுங்க! விரலைக் காட்டுங்க!"

பன்னிரண்டு பெண்கள் திருதிருவென்று விழித்தபடி கையை நீட்டினார்கள். மேஸ்திரியக்கா எண்ணி முடித்தாள்.

"நூத்தி இருபதும் பத்திரமா இருக்கும்மா!"

அப்படியானால் அது யாருடைய விரல்?

"தங்கச்சி!" அண்ணன் மூச்சிரைக்க ஓடி வந்தார். "உணவு அதிகாரி வந்துட்டாரு! நம்ம மானம் போச்சு!"

அவள் அறையில் காக்கிச் சட்டை அதிகாரி ஒருவர் நின்றிருந்தார். மேஜைமேல் கிழிந்த பாக்கெட். பக்கத்தில் டப்பா. டப்பாவுக்குள்...

வெளிறிய விரல்!

"பேக்டரிக்கு சீல் வைக்கணும்," என்று உறுமினார் அதிகாரி. "உங்களை அரெஸ்ட் பண்ணணும்!"

"சார், கொஞ்சம் பொறுங்க..." அண்ணன் கும்பிட்டார். "வேற வழியே இல்லையா?"

"கம்பெனி கைமாறினா, புது ஓனர்கிட்ட பேசிக்கலாம்."

சொல்லி வைத்தாற்போல் கதவு திறந்தது. பெரிய கம்பெனியின் டைக்காரர்!

"இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன். கேள்விப்பட்டேன்... ச்சு, ச்சு! கவலைப்படாதீங்க மேடம். இந்தப் பழியை நாங்க சுமக்கிறோம். இங்க ஒரு கையெழுத்து போதும்."

பத்திரம் தயாராக இருந்தது. பேனா மூடி கூடத் திறந்திருந்தது!

"போட்டுடும்மா," என்றார் அண்ணன் தழுதழுத்து. "ஜெயில்ல போய் உக்காருவியா? அந்தப் பன்னெண்டு குடும்பத்தை நினைச்சுப் பாரு."

அவள் நினைத்துப் பார்த்தாள். பேனாவை வாங்கினாள். முதல் எழுத்தை எழுதக் குனிந்தாள்...

நிமிர்ந்தாள்.

"போன் வந்து எவ்வளவு நேரம் ஆச்சு அண்ணா?"

"பத்து நிமிஷம் இருக்கும். ஏன்?"

"என் லைசென்ஸுக்கு இவங்க ஆபீஸுக்குப் பதினோரு மாசம் நடந்தேன். இன்னிக்குப் பத்து நிமிஷத்துல வந்து நிக்கிறாரே!"

"கடமைன்னா கடமைதான்!" அதிகாரி விறைத்தார்.

அவள் விரலை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"சீ! என்ன பண்றே?" அண்ணன் பதறினார்.

"வெங்காயத்தைத் தொட்டா மூணு நாளைக்கு வாசனை போகாதுண்ணா. என் புருஷன் தலையணையை எடுத்துக்கிட்டு ஹாலுக்குப் போயிடறார். ஆனா இந்த விரல்... பவுடர் வாசனை அடிக்குது!"

மேஜையில் கிடந்த கத்தியை எடுத்தாள்.

"மேடம், வேண்டாம்! அது ஆதாரம்!" என்று அலறினார் அதிகாரி.

சரக்!

விரல் இரண்டு துண்டாகியது. ரத்தமும் இல்லை, எலும்பும் இல்லை. உள்ளே வெள்ளை ரப்பர்!

"நான்... நான் நாடகத்துல துணை நடிகனுங்க!" காக்கிச் சட்டை காலில் விழுந்தது. "மேக்கப் பெட்டியில இருந்த விரல்! நல்ல வேஷம் தர்றேன்னு இந்த டைக்காரர்தான் கூட்டிட்டு வந்தாரு!"

டைக்காரர் பத்திரத்தைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார்.

அங்கே பன்னிரண்டு பெண்கள். பன்னிரண்டு கத்திகள்!

"எங்க சார் அவசரம்?" என்றாள் மேஸ்திரியக்கா. "போலீஸுக்குச் சொல்லியாச்சு. வர்ற வரைக்கும் உக்காந்து ரெண்டு மூட்டை உரிங்க."

"அயோக்கியப் பசங்க!" அண்ணன் கொதித்தார். "இவங்களைச் சும்மா விடக் கூடாது தங்கச்சி!"

முதலாளியம்மா கிழிந்த பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல இன்னிக்குத் தேதி போட்டிருக்கு. இன்னிக்குச் சரக்கு ஏத்தின வண்டி இன்னும் வாசலைத் தாண்டலை. அப்புறம் இது எப்படி வெளியே போச்சு?"

போனை எடுத்தாள். புகார் வந்த அந்தத் தெரியாத எண்ணுக்கே அடித்தாள். ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"போலீஸ் வரட்டும்மா! நமக்கெதுக்கு..." அண்ணன் கையை நீட்டினார்.

அதற்குள் மறுமுனை எடுத்துவிட்டது. இம்முறை மூக்கால் அல்ல. சொந்தக் குரல்!

"என்னங்க! வெங்காயம் கையெழுத்து போட்டுட்டாளா? உங்களுக்கு ஏ.சி. ரூம், ஜெனரல் மேனேஜர் போர்டு, எல்லாம் எழுதி வாங்கினீங்களா?"

அண்ணி!

"இன்னும் போடலை அண்ணி," என்றாள் முதலாளியம்மா நிதானமாக. "போட்டதும் சொல்றேன்."

மறுமுனையில் ஏதோ விழுந்து உடைந்தது.

அண்ணனின் முகத்தில் ஈயாடவில்லை. தொப்பென்று நாற்காலியில் சரிந்தார். பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

"எத்தனை நாளைக்குத் தங்கச்சிக்குக் கீழே வேலை பார்க்கறதுன்னு... புத்தி கெட்டுப் போச்சும்மா! மன்னிச்சுடு!"

வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது.

மேஸ்திரியக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "பாவம்மா... கூடப் பிறந்தவரு. எப்படி அழுறாரு பாருங்க!"

முதலாளியம்மா கத்தியைத் துடைத்து வைத்தாள்.

"நம்ம கம்பெனியில கண்ணீரை யாரு நம்புவாங்கக்கா?"