வெல்லைச்சாமியும் வெள்ளைச்சாமியும்

அரிமளம் கடைவீதியில் ரத்தினவேலின் கம்ப்யூட்டர் சென்டர் இருக்கிறது. இர்ஃபானாவின் உம்மா பவுசியா அங்கே டைப் அடிக்கிறார். பஸ் விபத்தில் அவருக்கு வலது கை போய்விட்டது; இடது கையிலும் ஒரு விரல்தான் நிமிரும். எல்லா வேலையும் அந்த ஒற்றை விரலால்தான்.

அன்று சனிக்கிழமை. ஆறாம் வகுப்புப் படிக்கும் இர்ஃபானாவும் கடையில் இருந்தாள். ஒரு பெரியவர், அங்கே அடித்துக் கொடுத்த அழைப்புப் பத்திரிகையோடு வந்தார்.

"என் பேரு வெள்ளைச்சாமிங்க. பேத்திக்குக் காதுகுத்து. இதுல வெல்லைச்சாமின்னு இருக்கு. நான் என்ன வெல்லமா?"

ஜெராக்ஸுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். இர்ஃபானாவுக்கும் சிரிப்பு வந்தது. உம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

ரத்தினவேல் தணிந்த குரலில்தான் சொன்னார். "கோவிச்சுக்காதீங்கம்மா. இது மூணாவது தடவை. திங்கள்லேருந்து நீங்க ஜெராக்ஸ் பாருங்க. டைப்புக்கு வேற ஆள் வச்சுக்கிறேன்."

பெரியவரை டீ குடிக்க அழைத்துப் போனார்.

"ஏன் உம்மா, ள வர மாட்டேங்குதா?"

"எல் எழுத்தை அமுக்கினா ல வரும். ஷிஃப்டையும் சேத்துப் பிடிச்சாத்தான் ள. தாடைய வச்சு ஷிஃப்டை அமுக்கிப் பாக்குறேன், வழுக்கிருது."

இர்ஃபானா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் முயன்றாள். ல. மறுபடியும் ல. எரிச்சலில் ஷிஃப்டைப் படபடவென்று தட்டினாள். திரையில் யெஸ், நோ என்று கேட்டபடி ஒரு பெட்டி வந்து நின்றது.

"நோ கொடுத்துரு. அது அப்பப்ப வரும். எல்லாரும் நோதான் கொடுப்போம்."

"இருங்க உம்மா. என்னதான் கேக்குதுன்னு பாப்போம்."

ஆங்கிலத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"ஷிஃப்டைப் பிடிச்சுக்கிட்டே இருக்க வேணாமாம். ஒண்ணை அமுக்கிட்டு, அப்புறமா இன்னொண்ணை அமுக்கினாப் போதுமாம்!"

யெஸ் கொடுத்துவிட்டு எழுந்து இடம் விட்டாள்.

பவுசியா ஷிஃப்டைத் தொட்டார். விரலை எடுத்தார். பிறகு எல் எழுத்தைத் தொட்டார்.

ள.

பெரியவரின் பத்திரிகையைத் திரையில் திறந்து பெயரைத் திருத்தினார்.

டீ குடித்துவிட்டு வந்த பெரியவரிடம் புதுப் பத்திரிகை நீட்டப்பட்டது. கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். "ஆமா, இது நான்தான்!"

"எப்படிங்க?" என்றார் ரத்தினவேல். இர்ஃபானா பெட்டியின் கதையைச் சொன்னாள்.

அவர் பின்தலையைச் சொறிந்தார். "அந்தப் பெட்டியை நானும் எத்தனையோ தரம் மூடியிருக்கேன். சரி, திங்கள்கிழமை ஒரு கல்யாணப் பத்திரிகை வருதும்மா. நீங்கதான் அடிக்கணும்."

பவுசியா தலையாட்டினார். திரையில் புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து ள, ண, ற என்று வரிசையாக அடித்துக்கொண்டிருந்தார். ஒரு வரி நிரம்பி, எழுத்துகள் அடுத்த வரிக்கு இறங்கின.